காணாமல் போகும் டிஎல்எல் கோப்புகள்: வாசகர் கேள்வி–பதில்

ரன்டைம் எனப்படும் துணை மென்பொருளை நிறுவிய பிறகும், டிஎல்எல் (பல மென்பொருள்கள் பொதுவாகப் பயன்படுத்தும் நிரல் கோப்பு) "காணவில்லை" என்ற பிழை நீங்கவில்லை என்று பலர் எழுதியிருப்பதால், இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். கோப்புப் பெயர்களையும் கட்டளைகளையும் இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும்.

கேள்வி: திருமண அழைப்பிதழ் வடிவமைக்கும் டி.டி.பி. நிலையம் நடத்துகிறேன். அண்மையில் வாங்கிய பக்க வடிவமைப்பு மென்பொருளைத் திறந்தால், "எம்எஸ்விசிபி140.டிஎல்எல் கிடைக்கவில்லை, மென்பொருளை மீண்டும் நிறுவினால் சரியாகலாம்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வருகிறது. மீண்டும் நிறுவியும் பயனில்லை. பிறகு விசாரித்து, விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் என்ற ரன்டைமை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே இறக்கி நிறுவினேன். நிறுவல் முடிந்தது என்றுதான் காட்டியது; பிழை மட்டும் அப்படியே இருக்கிறது. என்னுடையது 64 பிட் விண்டோஸ் 11 என்பதால் எக்ஸ்64 என்று குறிப்பிட்டிருந்ததையே தேர்ந்தெடுத்தேன். சர்வீஸ் செய்பவர் ஃபார்மட் செய்து விண்டோஸை மறுபடி போட்டால்தான் சரியாகும் என்கிறார். முகூர்த்த மாதம் நெருங்குகிறது. என்ன செய்வது?
– வாசகர், வடக்கு மாசி வீதி, மதுரை

பதில்: ஃபார்மட் செய்ய வேண்டாம். காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. கணினி 64 பிட் என்பதால் 64 பிட் ரன்டைமை மட்டும் நிறுவியிருக்கிறீர்கள். நீங்கள் வாங்கிய மென்பொருள் 32 பிட்டாக இருக்க வேண்டும். ரன்டைமைத் தேர்ந்தெடுக்கும்போது மென்பொருள் எத்தனை பிட் என்பதைத்தான் பார்க்க வேண்டும். 64 பிட் விண்டோஸில் இருவகை மென்பொருள்களும் ஓடும். ஆனால் 32 பிட் மென்பொருள் 32 பிட் கோப்பை மட்டுமே ஏற்கும், 64 பிட் மென்பொருள் 64 பிட் கோப்பை மட்டுமே ஏற்கும்.

சி++ மொழியில் எழுதப்படும் மென்பொருள்களுக்கு, எழுத்துத் தொடர்களைக் கையாள்வது, நினைவகத்தை ஒதுக்குவது, கோப்பைத் திறந்து படிப்பது போன்ற சில வேலைகள் எப்போதும் தேவைப்படுகின்றன. இவற்றுக்கான நிரலை ஒவ்வொரு மென்பொருளும் தன்னுடனேயே சுமந்து வராமல், கணினியில் பொதுவாக வைக்கப்பட்டிருக்கும் டிஎல்எல் கோப்புகளிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அந்தக் கோப்புகளின் தொகுப்புதான் நீங்கள் நிறுவிய ரன்டைம். கோப்புப் பெயரில் உள்ள எண், அது எந்த ஆண்டுத் தொகுப்பைச் சேர்ந்தது என்பதைச் சொல்லிவிடும். 80 என்றால் 2005, 90 என்றால் 2008, 100 என்றால் 2010, 110 என்றால் 2012, 120 என்றால் 2013. உங்கள் பெட்டியில் காட்டிய 140 என்பது 2015, 2017, 2019, 2022 ஆகிய நான்கு பதிப்புகளுக்கும் பொதுவானது. அவற்றில் கடைசியாக வந்ததை நிறுவினால் முந்தையவற்றுக்கும் அதுவே போதும். ஆனால் 120 கேட்கும் மென்பொருளுக்கு 140 உதவாது. அதற்கு 2013 தொகுப்பையே தேடி நிறுவ வேண்டும். இந்தக் காரணத்தினாலேயே, செயலிகள் பட்டியலில் விஷுவல் சி++ என்று வரிசையாகப் பல பெயர்கள் இருப்பதைப் பார்த்து, எதற்கு இத்தனை என்று பழையவற்றை நீக்கிவிடக் கூடாது.

இனி, நீங்கள் நிறுவிய கோப்பு எங்கே போயிற்று என்று பார்ப்போம். 64 பிட் விண்டோஸில் சிஸ்டம்32 என்ற உறையில் (ஃபோல்டரில்) இருப்பவை 64 பிட் கோப்புகள். சிஸ்வாவ்64 என்ற உறையில் இருப்பவை 32 பிட் கோப்புகள். பெயரும் பொருளும் நேர்மாறாக இருப்பது பழைய மென்பொருள்களின் வசதிக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு. அனுபவமுள்ள சர்வீஸ்காரர்களையும் இது தடுமாற வைக்கிறது. உங்கள் ரன்டைம் எம்எஸ்விசிபி140 கோப்பைச் சிஸ்டம்32 உறையில் ஒழுங்காகவே வைத்திருக்கும். உங்கள் மென்பொருளோ சிஸ்வாவ்64 உறையில் தேடிவிட்டு, இல்லை என்கிறது. தேனி பேருந்துக்கு மாட்டுத்தாவணியில் நின்றுகொண்டு பேருந்தே இல்லை என்று சொல்பவரைப் போன்றதுதான் இது. பேருந்து ஆரப்பாளையத்தில் நிற்கிறது.

ஆகவே, ஏற்கெனவே நிறுவியதை நீக்காமல், அதே மைக்ரோசாஃப்ட் பக்கத்திலிருந்து எக்ஸ்86 (32 பிட் என்பதற்கான குறி) என்று குறிக்கப்பட்ட கோப்பையும் இறக்கி நிறுவுங்கள். பிறகு கணினியை நிறுத்தித் தொடங்காமல், 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். விண்டோஸின் விரைவுத் தொடக்க ஏற்பாட்டினால், நிறுத்தித் தொடங்குவது பல கணினிகளில் முழுமையான மறுதொடக்கமாக அமைவதில்லை. மென்பொருள் 32 பிட்தானா என்பதை உறுதிசெய்ய விரும்பினால், அது புரோகிராம் ஃபைல்ஸ் எக்ஸ்86 உறையில் நிறுவப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பெரும்பாலும் 32 பிட்தான். என்னைக் கேட்டால், 64 பிட் கணினி வைத்திருப்பவர்கள் இந்த ஆராய்ச்சியில் நேரம் செலவிடாமல் இரண்டையும் நிறுவிவிடுவது நல்லது. சில மெகாபைட் இடத்துக்கு மேல் செலவில்லை.

அதன் பிறகும் பெட்டி வந்தால், மென்பொருள் நிறுவப்பட்டிருக்கும் உறையையே திறந்து பாருங்கள். ஒரு மென்பொருளுக்கு டிஎல்எல் தேவைப்படும்போது விண்டோஸ் முதலில் தேடுவது அந்த மென்பொருளின் சொந்த உறையில்தான். யாரோ எப்போதோ அங்கே போட்டுவைத்த பழைய அல்லது பழுதான பிரதி ஒன்று இருந்தால், சிஸ்டம் உறையில் உள்ள நல்ல கோப்பு பார்வைக்கே வராமல் போய்விடும். அப்படி ஒன்று இருந்தால், அது மென்பொருளுடனேயே வந்ததாகவும் இருக்கலாம் என்பதால், அழித்துவிடாமல் வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டுச் சோதியுங்கள். அடுத்ததாக, செயலிகள் பட்டியலில் ரன்டைமின் பெயருக்கு எதிரே 'மாடிஃபை' என்பதைத் தேர்ந்தெடுத்தால் 'ரிப்பேர்' என்ற பொத்தான் கிடைக்கும். பட்டியலில் பெயர் இருந்து கோப்பு மட்டும் அழிந்துபோயிருந்தால் அது சரிசெய்துவிடும். வைரஸ் தடுப்பு மென்பொருள் எதையேனும் பிடித்து ஒதுக்கி வைத்திருக்கிறதா என்பதை விண்டோஸ் செக்யூரிட்டியில் உள்ள 'புரொடெக்‌ஷன் ஹிஸ்டரி' காட்டும்.

இத்தகைய பிழைகளுக்குச் சர்வீஸ் நிலையங்களில் உடனே 'எஸ்எஃப்சி /ஸ்கேன்நவ்' கட்டளையை ஓடவிடுவது வழக்கமாகிவிட்டது. அது விண்டோஸின் சொந்தக் கோப்புகளைச் சரிபார்க்கும் கருவி. விஷுவல் சி++ ரன்டைம் தனியே நிறுவப்படும் தொகுப்பு. எம்எஸ்விசிபி140 இல்லை என்பதை அந்தக் கருவி குறையாகவே எடுத்துக்கொள்ளாது. நெடுநேரம் ஓடி, பிழை எதுவும் இல்லை என்று அறிவித்துவிடும். உடனே, கோப்பெல்லாம் சரியாக இருக்கிறது, இனி ஃபார்மட்தான் வழி என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். உங்களைப் போன்ற அச்சுத் தொழிலில் இருப்பவர்களுக்கு ஃபார்மட்டின் விலை அதிகம். பல ஆண்டுகளாகச் சேர்த்த பாமினி போன்ற பழைய குறியேற்ற எழுத்துருக்கள், விசைப்பலகை மென்பொருள், அச்சுப்பொறியின் வண்ண அமைப்புகள் எல்லாவற்றையும் முதலிலிருந்து அமைக்க நேரும். அவற்றில் ஒரு எழுத்துரு விட்டுப்போனாலும், போன ஆண்டு வடிவமைத்த பத்திரிகையைத் திறக்கும்போது பெயர்களெல்லாம் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். ஒரு எக்ஸ்86 கோப்புக்காக அந்தச் சுமையை ஏற்க வேண்டியதில்லை.

கேள்வி: பொறியியல் மாணவி. பைத்தான் நிரல்மொழியில் டென்சர்ஃப்ளோ என்ற இயந்திரக் கற்றல் தொகுப்பை நிறுவி, அதை அழைத்தால், டிஎல்எல் ஏற்றம் தோல்வியடைந்தது, குறிப்பிட்ட தொகுதி கிடைக்கவில்லை என்கிறது. எந்தக் கோப்பு என்று பெயரே சொல்லவில்லை. கணினியில் விஷுவல் சி++ 2015 ஏற்கெனவே இருக்கிறது. 2015, 2017, 2019 எல்லாம் ஒன்றே என்று படித்ததால் வேறு எதுவும் நிறுவவில்லை.
– வாசகி, திருப்பரங்குன்றம்

பதில்: படித்தது சரிதான், ஆனால் அது ஒரு திசையில் மட்டுமே பொருந்தும். புதியது பழையதற்குப் போதுமானது, பழையது புதியதற்குப் போதாது. ஒரே குடும்பமாக இருந்தாலும், பின்னர் வந்த பதிப்புகளில் எம்எஸ்விசிபி140_1, விசிரன்டைம்140_1 போன்ற புதிய கோப்புகள் சேர்க்கப்பட்டன. டென்சர்ஃப்ளோ 2.1.0 பதிப்பிலிருந்து எம்எஸ்விசிபி140_1 தேவைப்படுகிறது என்றும், பழைய ரன்டைம் தொகுப்புகளில் அது இல்லாமல் இருக்கக்கூடும் என்றும் அதன் நிறுவல் குறிப்பிலேயே எழுதியிருக்கிறார்கள். உங்களிடம் உள்ள 2015 தொகுப்பில் அது இருக்காது. இப்போது கிடைக்கும் ஆகப் புதிய எக்ஸ்64 தொகுப்பை நிறுவுங்கள். அது பழையதை நீக்கி அந்த இடத்தில் தானே அமர்ந்துகொள்ளும். இதை முடித்த பிறகு, பழைய மென்பொருள் ஏதேனும் தன்னுடன் கொண்டுவந்த 2015 தொகுப்பை நிறுவ முயன்று, 0எக்ஸ்80070666 என்ற எண்ணுடன் நின்றுவிடுவதைக் காணலாம். அதைவிடப் புதியது ஏற்கெனவே இருக்கிறது என்பதே அதன் பொருள், கவலைப்பட ஏதுமில்லை.

பைத்தான், காணாமல் போன கோப்பின் பெயரைச் சொல்லாமல் விடுவது உண்மையிலேயே எரிச்சலூட்டும் குறை. மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கும் 'ப்ராசஸ் மானிட்டர்' என்ற கருவியைத் திறந்துவைத்து, பைத்தான் செயல்களை மட்டும் காட்டும்படி வடிகட்டிவிட்டு, அதே கட்டளையை மீண்டும் கொடுங்கள். 'நேம் நாட் ஃபவுண்ட்' என்ற முடிவுடன் ஒரே டிஎல்எல் பெயர் உறை உறையாகத் தேடப்பட்டு எங்கும் கிடைக்காமல் போயிருந்தால், காணாமல் போனது அதுதான். ஒரு உறையில் இல்லாமல் அடுத்த உறையில் கிடைத்துவிட்ட பெயர்களைப் பொருட்படுத்த வேண்டாம்.

கேள்வி: விசிரன்டைம்140.டிஎல்எல் இல்லை என்ற பிழைக்காக, அந்தக் கோப்பை மட்டும் இலவசமாகத் தரும் ஒரு தளத்திலிருந்து இறக்கி, சிஸ்டம்32 உறையில் போட்டேன். இப்போது அந்தப் பிழை போய், 0எக்ஸ்சி000007பி என்ற எண் வருகிறது. 'ரெக்எஸ்விஆர்32' கொண்டு பதிவு செய்யச் சொன்னார்கள். அதுவும் நுழைவுப் புள்ளி இல்லை என்கிறது.
– வாசகர், திருமங்கலம்

பதில்: கோப்பு இல்லை என்ற நிலையிலிருந்து தவறான கோப்பு இருக்கிறது என்ற நிலைக்கு வந்திருக்கிறீர்கள். 0எக்ஸ்சி000007பி என்ற எண் பெரும்பாலும் 32 பிட், 64 பிட் கோப்புகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டதைக் குறிக்கும். 64 பிட் கோப்பு இருக்க வேண்டிய இடத்தில் நீங்கள் 32 பிட் கோப்பை வைத்திருக்கிறீர்கள். அதை முதலில் நீக்குங்கள். பிறகு, ரன்டைம் ஏற்கெனவே பட்டியலில் இருந்தால் அதை அகற்றிவிட்டு, எக்ஸ்86, எக்ஸ்64 இரண்டையும் புதிதாக நிறுவுங்கள். கையால் வைத்த கோப்பை அங்கேயே விட்டுவிட்டு மேலே நிறுவுவது நம்பத்தக்க வழியன்று.

பதிவு செய்யும் முயற்சி தோற்றதற்காகக் கவலைப்பட வேண்டாம். அந்தக் கட்டளை தன்னைப் பதிவு செய்துகொள்ளும் வசதி கொண்ட கோப்புகளுக்கு மட்டுமே உரியது. விசிரன்டைம் அந்த வகையைச் சேர்ந்ததன்று. நல்ல கோப்பாக இருந்தாலும் அதே மறுப்புதான் வந்திருக்கும்.

தனித்தனி டிஎல்எல் தரும் தளங்களைப் பற்றி எனக்கு இரண்டாவது கருத்து இல்லை: எந்தச் சூழலிலும் பயன்படுத்தக் கூடாது. மைக்ரோசாஃப்ட் ரன்டைமை முழுத் தொகுப்பாக, தன் டிஜிட்டல் கையொப்பத்துடன், பணம் எதுவும் வாங்காமல் தருகிறது. அப்படியிருக்க, அதிலிருந்து ஒரு கோப்பை உருவி வைத்திருக்கும் தளத்தை நம்ப என்ன தேவை? கிடைப்பது எந்தப் பதிப்பு என்பதும் தெரியாது, உள்ளே வேறு எதுவும் செருகப்பட்டிருக்கிறதா என்பதும் தெரியாது. கிடைத்தது உண்மையான கோப்பாகவே இருந்தாலும், அதன் உடன்பிறந்த கோப்புகள் வராததால் அடுத்த பெயரில் அடுத்த பிழை வரும். நிர்வாகி அனுமதியுடன் சிஸ்டம் உறைக்குள் நீங்களே கொண்டுபோய் வைக்கும் கோப்பு என்பதை நினைவில் கொண்டு, கணினி முழுவதையும் ஒருமுறை வைரஸ் சோதனை செய்துவிடுங்கள். அந்தக் கணினியில் வங்கிக் கணக்கைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், சோதனை முடியும்வரை அதை நிறுத்திவைப்பது நல்லது.

கேள்வி: மளிகை மொத்த வியாபாரம் செய்கிறோம். எங்களுக்காகப் பல ஆண்டுகளுக்கு முன் விஷுவல் பேசிக் 6-இல் எழுதித் தந்த பில் போடும் மென்பொருளையே இன்றும் பயன்படுத்துகிறோம். புதிதாக விண்டோஸ் 11 கணினி வாங்கி, பழைய உறையை அப்படியே நகலெடுத்துத் திறந்தால், 339 என்ற பிழை எண்ணுடன் எம்எஸ்காம்சிடிஎல்.ஓசிஎக்ஸ் சரியாகப் பதிவாகவில்லை அல்லது இல்லை என்று வருகிறது. எழுதித் தந்தவரை இப்போது தொடர்புகொள்ள முடியவில்லை. மென்பொருளையே மாற்ற வேண்டுமா?
– வாசகர், கீழமாசி வீதி, மதுரை

பதில்: இதற்காக மாற்ற வேண்டியதில்லை. விஷுவல் பேசிக் 6 வெளிவந்தது 1998-இல். அந்த உருவாக்கக் கருவிக்கான ஆதரவு 2008-இல் முடிந்துவிட்டது. என்றாலும், அதில் எழுதப்பட்ட மென்பொருள்கள் ஓடுவதற்கான அடிப்படை ரன்டைம் கோப்பான எம்எஸ்விபிவிஎம்60.டிஎல்எல் இன்றைய விண்டோஸிலும் சேர்ந்தே வருகிறது. உங்கள் மென்பொருள் திறந்து, 339 என்ற எண்ணைச் சொல்லும் அளவுக்கு வந்ததே அதனால்தான். பட்டியல்கள், கருவிப்பட்டைகள் முதலியவற்றைத் திரையில் வரையும் ஓசிஎக்ஸ் கோப்புகள் விண்டோஸுடன் வருவதில்லை. மென்பொருளின் நிறுவல் குறுந்தகடு அவற்றைச் சிஸ்டம் உறையில் வைத்துப் பதிவும் செய்திருக்கும். உறையை மட்டும் நகலெடுத்தபோது அந்த வேலை நடக்கவில்லை.

பழைய பெட்டிகளில் அந்த நிறுவல் குறுந்தகடு கிடைக்கிறதா என்று முதலில் தேடுங்கள். கிடைத்தால், அதிலிருந்து நிறுவி, பிறகு உங்கள் தரவுக் கோப்பை மட்டும் நகலெடுத்தால் முடிந்தது. கிடைக்காவிட்டால், உங்கள் பழைய கணினியிலேயே அந்தக் கோப்பு இருக்கிறது. அது 32 பிட் விண்டோஸ் என்றால் சிஸ்டம்32 உறையிலும், 64 பிட் என்றால் சிஸ்வாவ்64 உறையிலும் இருக்கும். முந்தைய பதிலில் தனிக் கோப்பு கூடாது என்று கண்டித்துவிட்டு இங்கே தனிக் கோப்பை நகலெடுக்கச் சொல்வது முரணாகத் தோன்றலாம். இது உங்கள் கணினியில், உங்கள் மென்பொருளோடு வந்து, இத்தனை ஆண்டுகள் ஓடிக்கொண்டிருக்கும் அதே கோப்பு என்பதும், இந்த வகைக் கோப்பு ஒன்றொன்றாகப் பதிவு செய்வதற்கென்றே அமைந்தது என்பதும்தான் வேறுபாடு. வைரஸ் சோதனை செய்தபின் அதை ஒரு பென் டிரைவில் எடுத்து, புதிய கணினியின் சிஸ்வாவ்64 உறையில் வையுங்கள்.

இனிப் பதிவு செய்ய வேண்டும். தேடல் பெட்டியில் சிஎம்டி என்று தட்டச்சு செய்து, வரும் 'கமாண்ட் ப்ராம்ப்ட்' மீது வலப்பக்கம் சொடுக்கி, 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதில் 'சிடி' கட்டளையால் சி டிரைவில் விண்டோஸ் உறைக்குள் இருக்கும் சிஸ்வாவ்64 உறைக்குச் சென்று, 'ரெக்எஸ்விஆர்32 எம்எஸ்காம்சிடிஎல்.ஓசிஎக்ஸ்' என்று கொடுங்கள். வெற்றி என்று ஒரு சிறு பெட்டி வரும். நிர்வாகி அனுமதி இல்லாமல் செய்தால் தோல்விதான் வரும். பலர் இந்த இடத்தில்தான் கைவிட்டுவிடுகிறார்கள். மென்பொருளை மறுபடி திறக்கும்போது வேறொரு ஓசிஎக்ஸ் பெயரைச் சொன்னால் அஞ்ச வேண்டாம். முதல் தடை நீங்கி அடுத்ததற்கு வந்திருக்கிறது என்று பொருள். ஒவ்வொன்றுக்கும் இதே முறைதான். எல்லாம் முடிந்து ஒரு பில் அச்சாகும்வரை பழைய கணினியை விற்றுவிடாதீர்கள். தரவுக் கோப்பின் பிரதி ஒன்றைத் தனியே எடுத்தும் வையுங்கள்.

கேள்வி: பிரவுசிங் சென்டரில் இன்னும் சில விண்டோஸ் 7 கணினிகள் உள்ளன. ஏபிஐ-எம்எஸ்-வின்-சிஆர்டி என்று தொடங்கும் நீண்ட பெயருள்ள ஒரு டிஎல்எல் இல்லை என்கிறது.
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: அது யுனிவர்சல் சி ரன்டைம் என்ற தொகுப்பைச் சேர்ந்தது. விண்டோஸ் 10 முதல் அது விண்டோஸின் பகுதியாகவே வருகிறது. விண்டோஸ் 7-க்கு, முதலில் சர்வீஸ் பேக் 1 இருக்க வேண்டும்; பிறகு கேபி2999226 என்ற எண்ணுள்ள புதுப்பிப்பை நிறுவ வேண்டும். சர்வீஸ் பேக் இல்லாமல் அந்தப் புதுப்பிப்பு ஏறாது என்பதால் வரிசை முக்கியம். விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றே முடிந்துவிட்டது. பலர் வந்து தங்கள் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்யும் கணினியில் அதை இன்னும் இணையத்தோடு இணைத்து வைத்திருப்பது, இந்தப் பிழையைவிடப் பெரிய சிக்கல்.

கேள்வி: பழைய கணக்கு மென்பொருள் ஒன்று டாட்நெட் ஃப்ரேம்வொர்க் 3.5 கேட்கிறது. 4.8 இருக்கிறதே, போதாதா? 3.5-ஐ இயக்க முயன்றால் 0எக்ஸ்800எஃப்081எஃப் என்ற பிழை வருகிறது.
– வாசகர், வாடிப்பட்டி

பதில்: போதாது. டாட்நெட் ஃப்ரேம்வொர்க்கும் ஒரு ரன்டைம் தொகுப்புதான். 4.8 என்பது 4-ஆம் வரிசையின் முந்தைய பதிப்புகளை மட்டுமே ஈடுசெய்யும், 2.0, 3.0, 3.5 ஆகியவற்றுக்காக எழுதப்பட்டவற்றுக்கு 3.5-ஐத் தனியே இயக்க வேண்டும். உங்களுக்கு வரும் பிழை எண், அதற்கான மூலக் கோப்புகளை விண்டோஸால் பெற முடியவில்லை என்பதைக் குறிக்கிறது. 'விண்டோஸ் ஃபீச்சர்ஸ்' பட்டியலில் 3.5-ஐக் குறியிடும்போது அது இணையத்திலிருந்துதான் அவற்றை இறக்க முயலும். நல்ல இணைய இணைப்பில் ஒருமுறை முயன்று பாருங்கள். அப்போதும் வராவிட்டால், உங்கள் விண்டோஸின் அதே பதிப்புக்குரிய நிறுவல் பென் டிரைவைச் செருகி, அதில் சோர்சஸ் என்ற உறைக்குள் இருக்கும் எஸ்எக்ஸ்எஸ் உறையை மூலமாகக் காட்டி, நிர்வாகி அனுமதியுடன் 'டிஐஎஸ்எம்' கட்டளையால் இயக்கலாம். வேறு பதிப்பின் பென் டிரைவைக் காட்டினால் அதே பிழை எண்தான் மீண்டும் வரும்.